தட்டைப்புழுவும் பற்றுச்சீட்டும்: கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் அறியவேண்டியவை

கடல்நீரில் உயிருள்ள முருகைக்கல்லையும் மீனையும் ஒருசேர வளர்க்கும் வீட்டுத் தொட்டியில் தட்டைப்புழு தானாகத் தோன்றுவதில்லை. விலை கொடுத்து வாங்கிய முருகைத் துண்டின் அடியிலோ, துளைகள் நிறைந்த கல்லிலோ, கடற்பாசிக் கொத்திலோ ஒட்டிக்கொண்டு அது வெளியிலிருந்தே வந்து சேர்கிறது. ஆகவே புழுவை எதிர்கொள்ளும் வேலை மருந்துப் போத்தலைத் திறக்கும் நாளில் அன்றி, பொருளை வாங்கிய நாளிலேயே தொடங்குகிறது என்பதும், புழு பெருகுவதற்கு எடுக்கும் காலமும் வாங்கியவர் முறையிடுவதற்குச் சட்டம் தரும் காலமும் ஒன்றையொன்று நெருக்குகின்றன என்பதும் தொட்டி வைத்திருப்போர் பலரும் கவனிக்காத செய்திகளாகும்.

தட்டைப்புழு என்ற ஒரே பெயரால் வழங்கப்படுபவற்றுள் குறைந்தது இரு வகைகளைப் பிரித்தறிவது அவசியம். முதலாவது, சில மில்லிமீற்றர் நீளமும் துருச்சிவப்பு நிறமும் மூன்று மடல்களாகப் பிரிந்த வாற்பகுதியும் கொண்ட கொன்வொலுட்ரிலோபா என்னும் பேரினமாகும். இதை இன்றைய விலங்கியல் உண்மையான தட்டைப்புழுத் தொகுதியில் சேர்ப்பதில்லை என்றாலும், தொட்டி வளர்ப்போரிடையே பழைய பெயரே நிலைத்துவிட்டது. இது முருகையின் தசையைத் தின்பதில்லை. தன் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கு ஒளி தேடி முருகையின் மேல் விரிப்பாகப் படர்ந்து, முருகைக்குக் கிடைக்கவேண்டிய ஒளியை மறைப்பதே இதன் கேடாகும். 1988 ஆம் ஆண்டு அறிவியல் பெயர் பெற்ற கொன்வொலுட்ரிலோபா ரெற்றோஜெம்மா, தாயுடலுக்கு எதிர்த்திசையில் தலை வைத்த மொட்டுகளை விட்டுப் பெருகுவது. இணை தேடவேண்டிய தேவை இல்லாமையால் தப்பிய ஒரு புழுவே மீண்டும் ஒரு தொட்டியை நிறைக்கப் போதுமானது.

இரண்டாவது வகையான புரொஸ்தியோஸ்தோமம் அக்ரோபோரே, கிளைமுருகை எனத்தக்க அக்ரோபோரா பேரினத்தை மட்டுமே தின்று வாழ்கிறது. வளர்ப்புத் தொட்டிகளில் நெடுங்காலம் அழிவு விளைத்துவந்த இப்புழு 2011 இல்தான் அமகுசபிளானா என்ற பேரினப் பெயருடன் அறிவியலில் பதிவாகி, பின்னர் இன்றைய பெயருக்கு மாற்றப்பட்டது. தான் தின்ற முருகையின் நிறப்பொருளையும் நுண்பாசியையும் தன் குடலில் வைத்துக்கொள்வதால், அது அமர்ந்திருக்கும் கிளையின் நிறத்தையே பெற்றுவிடுகிறது. உற்றுப் பார்ப்பவருக்கும் புழு தென்படாது, வட்டமான வெளிறிய கடித்தடங்களும் கிளையின் அடியில் செம்பழுப்பான முட்டைப் படலங்களுமே தென்படும். முட்டையிலிருந்து மீண்டும் முட்டையிடும் பருவம் வரை ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரங்கள் செல்கின்றன. வாங்கிய துண்டில் ஒட்டியிருந்த முதல் முட்டைகள் பொரித்து, அவற்றின் அடுத்த தலைமுறை முருகையை வெளிறச் செய்யும்போது இரண்டு, இரண்டரை மாதங்கள் கடந்துவிட்டிருக்கும்.

இக்கணக்கு முக்கியமானது, ஏனெனில் இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ வழங்கப்பட்ட உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாடு, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கப்படவேண்டும். உட்கிடையான உத்தரவாதம் என்பது, வணிகர் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் விற்கும் பொருள் அதற்குரிய பயனுக்கு ஏற்றதாக இருக்கும் எனச் சட்டம் ஊகித்துக்கொள்வதாகும். புழு கண்ணுக்குத் தெரிந்தபின் காரணத்தை ஆராய்ந்து, கடைக்காரரிடம் பேசி, அவர் அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லக் காத்திருந்தால் அக்காலம் போய்விடும். பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை. அதில் வெறுமனே 'மீன் தொட்டிச் சாமான்' என்று எழுதாமல் உயிரினத்தின் பெயர், எண்ணிக்கை, திகதி ஆகியவற்றை எழுதுவித்துக்கொள்வதும், பொதியைத் திறந்த அன்றே துண்டின் அடிப்பக்கம் தெரியும்படி படம் எடுத்து வைப்பதும் பின்னாளில் வழக்கின் பாதியை முடித்துவிடும். 'உயிருள்ள பொருளுக்குப் பொறுப்பில்லை' என்று கடைச்சுவரில் ஒட்டிய அறிவித்தலைக் கண்டு வாங்கியவர் தாமாகவே உரிமையைக் கைவிடவேண்டியதில்லை. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் விளக்கம் கேட்கலாம். சிறு தொகைப் பிணக்குகளை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுசெல்லும் வழியும் உண்டு.

ஆனால் இவ்வுரிமைகள் அனைத்தும் முறையாக வந்த பொருளுக்கே பயன்படும். இலங்கையில் கன்முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. இதைவிட, 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்துக்கு 1988 இல் செய்யப்பட்ட திருத்தம், கரையோர வலயத்துக்குள் முருகைக்கல்லைத் தோண்டுவதையும் சேகரிப்பதையும் மட்டுமன்றி, வைத்திருப்பதையும் ஏற்றிச்செல்வதையும் சுண்ணாம்புக்காக எரிப்பதையும் தடைசெய்கிறது. அவ்வலயம் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரும் சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கொண்டது. வவுனியா மாவட்டத்து நெடுங்கேணி அதற்கு எவ்வளவோ உள்ளே இருக்கிறதே என்ற ஆறுதல் பயன்படாது. முல்லைத்தீவுக் கரையிலோ திருகோணமலைப் பக்கத்திலோ எடுத்த கல் அவ்வலயத்தைக் கடந்துதான் வந்திருக்கவேண்டும் என்பதுடன், முதற்கூறிய கட்டளைச் சட்டம் 300 மீற்றரோடு நின்றுவிடுவதும் இல்லை. 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவில் எடுப்பது இன்னும் பாரதூரமானது. வெளிநாட்டிலிருந்து வரும் கன்முருகையும் இராட்சதச் சிப்பியும், இலங்கை 1979 இல் இணைந்த சைற்றிஸ் என்னும் அருகிவரும் உயிரினங்களுக்கான வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளதால், ஏற்றுமதி நாட்டின் அனுமதிப்பத்திரத்துடனேயே வரமுடியும். பத்திரம் இன்றி மலிவாகக் கிடைத்த துண்டை வாங்கியவர் புழுவையும் குற்றத்தையும் ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவர் எந்த அலுவலகத்தில் முறையிடமுடியும்?

வருமுன் காப்பதற்குத் தனிமைப்படுத்தலே வழி. புதிய துண்டை முதன்மைத் தொட்டியில் இடாமல், சிறிய தொட்டியொன்றில் ஆறு வாரங்களுக்குக் குறையாமல் வைத்திருந்து, இடையிடையே அயடீன் கரைசல் போன்ற குளிப்பாட்டு நீரில் சில நிமிடம் ஆட்டி, உதிர்ந்த புழுக்களை வெள்ளைப் பாத்திரத்தின் அடியில் தேடவேண்டும். எந்தக் குளிப்பாட்டு நீரும் முட்டையை நம்பத்தக்க வகையில் கொல்லாது. முட்டைப் படலத்தைச் சுரண்டி எடுப்பதும், துண்டு ஒட்டப்பட்டிருக்கும் அடிக்கட்டையை வெட்டி எறிவதும், அடுத்த பொரிப்பை எதிர்பார்த்துக் குளிப்பாட்டைத் திரும்பச் செய்வதுமே எஞ்சிய வழிகள். ஏற்கெனவே அக்ரோபோராவைத் தின்னும் புழு தொட்டியில் புகுந்திருந்தால், அம்முருகைகள் அனைத்தையும் இரு மாதமளவுக்கு வேறிடத்துக்கு மாற்றி, உணவின்றிப் புழுவைச் சாகவிடலாம்.

சிவப்புப் புழுவுக்கு எதிரான முதல் ஆயுதம் மருந்தன்று, ஒரு மெல்லிய குழாயே. ஒளியை நாடும் அதன் இயல்பைப் பயன்படுத்தி, தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் விளக்கை எரியவிட்டு, அங்கு திரண்டவற்றை உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடித்து எடுப்பதை நாள்தோறும் செய்தால் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். இவற்றைத் தின்னும் ஹலிகோரிஸ் பேரினச் சிறுமீன்கள் ஓரளவு உதவும். இவற்றை மட்டுமே தின்னும் நீலவரிக் கடல் ஓடிலி ஒன்றும் வணிகத்தில் உண்டு. ஆனால் புழு தீர்ந்ததும் பட்டினியால் சாகப்போகும் ஓர் உயிரை வாங்கி விடுவதைப் பரிகாரம் என்று சொல்ல மனம் வருவதில்லை.

இறுதியில் மருந்து தேவைப்படலாம். அதற்குரிய வேதிப்பொருள் பெரும்பாலும் லெவமிசோல். கால்நடைகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கப்படும் அதே பொருள், புழுவின் நரம்பை இடைவிடாது தூண்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது. மாட்டுக்கு வாங்கிய போத்தல் வீட்டில் இருக்கிறது என்பதற்காக அதைத் தொட்டியில் ஊற்றக்கூடாது; சில கால்நடைத் தயாரிப்புகளில் ஒக்சிகுளோசனைட் போன்ற வேறு மருந்தும் கலந்திருக்கும், செறிவும் ஒன்றுக்கொன்று வேறுபடும். பெயர்ச்சுட்டியை மிருக வைத்தியரிடம் காட்டி ஆலோசனை பெறுவதும், தொட்டிக்கென அளவு குறித்து விற்கப்படும் தயாரிப்பையே பயன்படுத்துவதும் பாதுகாப்பானவை. மருந்தைவிடப் பெரிய ஆபத்து, சாகும் புழுக்கள் நீரில் கக்கும் நஞ்சு: ஆயிரக்கணக்கானவை ஒருசேரச் செத்தால் சில மணி நேரத்தில் மீன்கள் மூச்சடைத்து மிதக்கும். எனவே முதலில் இயன்றவரை உறிஞ்சி எடுத்து, ஊக்குவிக்கப்பட்ட கரி எனப்படும் நஞ்சுறிஞ்சும் கரியையும், தொட்டியின் பாதியையாவது மாற்றத்தக்க புதிய உப்புநீரையும், காற்றுப் பம்பையும் ஆயத்தமாக வைத்தபின்னரே, பகலில், ஆள் உடனிருந்து மருந்திடவேண்டும். முதல் தடவை தப்பியவற்றுக்காகச் சில வாரங்களின் பின் அதைத் திரும்பச் செய்யவேண்டியும் வரும்.

மனிதருக்கான ஆபத்து, புழுவைக் கொல்லக் கல்லைக் கொதிக்கவைக்கும் பழக்கத்தில் இருக்கிறது. அக்கல்லில் பலித்தோவா போன்ற பொத்தான் முருகைகள் ஒட்டியிருந்தால், அவற்றிலுள்ள பலிரொக்சின் என்னும் கடும் நஞ்சு நீராவியோடு எழுந்து வீட்டிலுள்ளோர் அனைவரையும் மூச்சுத்திணறலுக்கும் காய்ச்சலுக்கும் உள்ளாக்கும். 2018 இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் தொட்டி சுத்தம் செய்த ஒரு வீட்டிலிருந்து குடும்பத்தினரோடு உதவிக்கு வந்த தீயணைப்புப் படையினரும் வைத்தியசாலை செல்ல நேர்ந்தது. கல்லைக் கொதிக்கவைக்கவும், கம்பித் தூரிகையால் உலரத் தேய்க்கவும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே தொடவேண்டும். அறிகுறி தோன்றினால் வெளிக்காற்றுக்கு வந்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, தொட்டியில் என்ன இருந்தது என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மாடு, ஆடு, வயல் சார்ந்த நஞ்சுகளைப் பார்த்துப் பழகிய வைத்தியர் முருகை நஞ்சை ஊகிப்பார் என்று எதிர்பார்க்கமுடியாது. உப்புநீரில் கை வைக்குமுன் மின்னிணைப்பைத் துண்டிப்பதும், வீட்டு ட்ரிப் சுவிட்ச் உண்மையில் இயங்குகிறதா எனப் பார்த்துக்கொள்வதும் இதே வரிசையில் அடங்கும்.

வவுனியா மாவட்டத்துக்கே உரிய ஒரு செய்தி நீரைப் பற்றியது. இங்குள்ள கிணற்று நீர் பல இடங்களில் வன்மை மிகுந்தது. காரணம் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய மாவட்டங்களுள் ஒன்றாக இது இருப்பதால், நுண்சவ்வினூடாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. குடிநீர் நிலையங்கள் ஊர்களில் நிறுவப்பட்டுள்ளன. செயற்கைக் கடலுப்பைக் கிணற்று நீரில் கரைத்தால் அதில் இருக்கக்கூடிய நைத்திரேற்றும் பொசுபேற்றும் பாசியையும், பாசியோடு கூடி வாழும் சிவப்புப் புழுவையும் செழிக்கச் செய்யலாம் என்பதால், ஆர்.ஓ. நீரில் கரைப்பதே தக்கது. குடிநீருக்கு நெருக்கடி உள்ள மாதங்களில் பெரிய தொட்டிக்கென அந்நீரைக் கலன் கலனாக எடுப்பது அயலாருக்குச் செய்யும் அநீதி. சிறிய தொட்டியோடு நிற்பது இப்பகுதிக்குப் பொருந்தும்.

மாற்றிய பழைய நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றக்கூடாது. ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்பும், மருந்தின் எச்சமும், புழு நஞ்சும் அதில் உண்டு. கரியினூடாக வடித்து, அகன்ற பாத்திரங்களில் வெயிலில் வற்றவிட்டு, எஞ்சும் உப்பைப் பையிற்கட்டிக் குப்பையோடு அகற்றலாம். வளர்க்க இயலாத மீனையும் முருகையையும் வெளியில் விடுவது எந்நிலையிலும் ஆகாது. தொட்டிகளிலிருந்து தப்பிய தொட்டி துப்பரவாக்கி மீனும் கத்தி மீனும் இன்று இலங்கையின் நன்னீர் நிலைகளில் மீனவரின் வலைகளை நிறைக்கின்றன.