துள்ளுமாரி நோய்: மழைக்கு முன்பே தடுப்பூசி ஏன்?

மானாவாரிப் பகுதிகளில் செம்மறியாடு வளர்ப்போருக்கு மழைக்காலம் மகிழ்ச்சியையும் கவலையையும் ஒருசேரக் கொண்டு வருகிறது. காய்ந்து கிடந்த தரிசில் பச்சைப் புல் தலைகாட்டுகிறது. கோடையில் அரைவயிறாக இருந்த ஆடுகள் வயிறு முட்ட மேய்கின்றன. ஆனால் மாலையில் நன்றாக மேய்ந்து பட்டிக்குத் திரும்பிய குட்டி மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கிறது. அதுவும் நோஞ்சான் குட்டியல்ல. மந்தையிலேயே கொழுத்த குட்டி. வியாபாரி விலை பேசி வைத்திருந்த குட்டியாகவும் இருக்கலாம்.

பாம்பு தீண்டியதோ, விஷப்புல் தின்றதோ, கண் பட்டதோ என்று பலவாறாக எண்ணுவார்கள். இத்தகைய திடீர்ச் சாவுக்குப் பல சமயங்களில் காரணமாக இருப்பது துள்ளுமாரி நோயாகும்.

குடலில் குடியிருக்கும் கிருமி

இந்நோயை உண்டாக்குவது கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் 'டி' வகை. இது மண்ணிலும், நலமாக உள்ள ஆட்டின் குடலிலும் சிறு அளவில் இருக்கக் கூடியது. சாதாரண நாட்களில் இதனால் தொல்லை இல்லை. தீவனம் திடீரென மாறும்போதுதான் ஆபத்து. இளம்புல்லை அளவுக்கு மீறி மேய்ந்தாலும், அறுவடையான காட்டில் சிந்திய சோளம், கம்பு மணிகளை அதிகமாகத் தின்றாலும், அடர் தீவனத்தை ஒரே நாளில் கூட்டிக் கொடுத்தாலும் மாவுச்சத்து முழுவதும் செரிக்காமல் சிறுகுடலுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே கிருமிகள் மிக வேகமாகப் பெருகி நச்சை வெளியிடுகின்றன. பால் மிகுந்த தாயிடம் தனிக்குட்டியாக ஊட்டும் குட்டிக்கும் இதே கதிதான். நன்றாக உண்ணும் ஆடே முதலில் பலியாவதன் காரணம் இதுவே.

நச்சு இடம் பிடிக்கும் விதம்

இந்த நச்சின் பெயர் எப்சிலான். கிருமி இதை முதலில் வீரியமில்லாத பொருளாகவே வெளியிடுகிறது. தீவனத்தைச் செரிக்கச் செய்யும் டிரிப்சின் என்ற செரிமானநீர்தான் அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, அதைக் கொடிய நச்சாக மாற்றிவிடுகிறது. அந்நச்சு குடற்சுவரைத் தளர்த்தி இரத்தத்தில் கலக்கிறது.

இரத்தம் உடல் முழுவதும் ஓடுகிறது. ஆயினும் நச்சு எல்லா உறுப்புகளையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. மூளையும் சிறுநீரகமுமே பெரிதும் பாதிக்கப்படுகின்றன. உடலின் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அச்சவ்வில் பலவகைப் புரதங்கள் பதிந்துள்ளன. அவற்றில் தனக்குப் பொருந்தும் புரதம் கிடைத்தால்தான் நச்சு அங்கே ஒட்ட முடியும். வீட்டுச் சாவி அந்த வீட்டுப் பூட்டில் மட்டும் நுழைவது போன்றது இது. எப்சிலான் நச்சுக்கு வேண்டிய பூட்டு 'மால்' எனப்படும் ஒரு புரதம் என்பதைக் கடந்த சில ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

பொருத்தமான செல்லில் ஒட்டியதும் ஏழு நச்சு மூலக்கூறுகள் வளையமாகக் கூடிச் சவ்வில் துளையிடுகின்றன. அத்துளை வழியே உள்ளிருக்கும் உப்புகள் வெளியேற, வெளியிலிருக்கும் உப்புகள் உள்ளே புக, செல் செத்துப் போகிறது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, மூளை நீர் கோத்து வீங்குகிறது. ஆடு தள்ளாடுவதும், பல்லைக் கடிப்பதும், தலையைப் பின்னுக்கு வளைத்துக் கொண்டு துள்ளித் துடித்து விழுவதும் இதனால்தான். இறந்த ஆட்டின் சிறுநீரகம் விரைவில் கூழ் போல் குழைந்துவிடுவதும் உண்டு.

நோய் கண்டபின் சிகிச்சை

துளை விழுந்த செல்லை மருந்து கொடுத்துச் சீராக்க முடியாது. கிருமிக்கொல்லி மருந்து கிருமியைத்தான் கொல்லும். ஏற்கெனவே ஒட்டிவிட்ட நச்சை அகற்றாது. நச்சுமுறி ஊநீர் செலுத்தினாலும் அது இன்னும் செல்லில் ஒட்டாமல் இரத்தத்தில் மிதக்கும் நச்சை மட்டுமே பிடிக்கும். ஆடு துடிக்கத் தொடங்கியபின் சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடுகிறது. ஆகவே இந்நோயில் வருமுன் காப்பதே வழி.

தடுப்பூசி செய்யும் வேலை

நச்சை எதிர்க்கும் பொருள் இரத்தத்தில் உண்டாகிறது என்பதை 1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பேரிங், கிடசாட்டோ என்ற இரு அறிஞர்கள் ரணஜன்னி நோயைக் கொண்டு நிரூபித்தனர். நச்சுடன் பார்மலின் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் அதன் கொடுமை நீங்கும், உருவம் மாறாது என்பதை 1920களில் பிரான்சு நாட்டின் ரமோன் காட்டினார். துள்ளுமாரித் தடுப்பூசியும் இம்முறையில் அமைந்ததே. ஊசி போட்ட ஆட்டின் உடல் அந்த உருவத்தை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்கி வைத்துக் கொள்கிறது. பின்னர் உண்மையான நச்சு வரும்போது அவை அதன் மேல் ஒட்டிக் கொள்கின்றன. சாவியின் பல்லில் மெழுகை அப்பியது போல் ஆகிவிடுவதால் நச்சு செல்லில் பொருந்த முடிவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, எதிர்ப்பொருள் போதிய அளவில் உருவாக இரண்டு வாரங்களாவது ஆகும். மழை பெய்து புல் முளைத்தபின் ஊசி தேடுவது காலம் கடந்த செயல். இரண்டாவது, முதன்முறை போடும்போது ஒரு ஊசி போதாது. மூன்றாவது, தடுப்பூசி குடலிலுள்ள கிருமியை ஒழிப்பதில்லை. எதிர்ப்பொருளும் நாளடைவில் குறையும். எனவே ஆண்டுதோறும் ஊசி போடுவது அவசியம்.

ஆடு வளர்ப்போர் செய்ய வேண்டியவை

தங்கள் பகுதியில் பருவமழை தொடங்குவதற்கு ஒரு மாதத்திற்கு முன்பே மந்தை முழுவதற்கும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். குட்டிகளுக்கு நான்காம் மாதத்தில் முதல் ஊசியும், இரண்டு முதல் மூன்று வாரம் கழித்து அடுத்த ஊசியும் போட வேண்டும். சினையாட்டுக்கு ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பு ஊசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கும். பிறந்த குட்டிக்குச் சீம்பாலைத் தவறாமல் ஊட்டுங்கள். வெள்ளாடுகளில் இப்பாதுகாப்பு சீக்கிரம் குறைவதால், இடைவெளி பற்றிக் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செயல்படுவது நல்லது.

ஊசி மருந்தை ஐஸ் வைத்த பெட்டியில் குளிர்ச்சியாக எடுத்து வர வேண்டும், உறைய விடக்கூடாது. இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இத்தடுப்பூசி தயாரிக்கப்படுகிறது. இது பற்றிய விவரத்தை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் அறியலாம்.

மேய்ச்சலிலும் கட்டுப்பாடு தேவை. புது மழைப் புல்லிலோ அறுவடைக் காட்டிலோ விடுமுன் ஆடுகளுக்குச் சிறிது காய்ந்த தட்டை கொடுங்கள். முதல் நாள் சிறிது நேரம் மட்டும் மேயவிட்டு, ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். அடர் தீவனத்திற்கும் இதே முறைதான்.

ஆடு திடீரென இறந்தால் அதை அறுக்கவோ, தோலுரிக்கவோ, இறைச்சியாக்கவோ கூடாது. அடைப்பான் நோயிலும் இப்படியே சாவு நேரிடும். அது மனிதரையும் தாக்கும். உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். துள்ளுமாரி என்று உறுதியானால், அன்றே மேய்ச்சல் நிலத்தை மாற்றி, மீதமுள்ள ஆடுகளுக்கு அவர் கூறும் பாதுகாப்பைச் செய்து மந்தையைக் காத்துக் கொள்ளலாம்.