படிக்காமல் கையெழுத்துப் போடாதே, பெண்ணே!

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா கேசரிக் கிண்ணத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நித்யாவுக்கு கனடா காலேஜிலே இடம் கிடைச்சிடுச்சும்மா! லெட்டர் வந்தாச்சு. விசா வேலையெல்லாம் ஏஜெண்டே பார்த்துக்கிறாராம். நாம கையெழுத்துப் போட்டாப் போதுமாம்."

கேசரி இனித்தது. அந்தக் கடைசி வார்த்தைதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பஞ்சாப் பிள்ளைகளின் கதை ஞாபகம் வந்துவிட்டது. அக்காவிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

சில வருடங்களுக்கு முன் ஜலந்தர் ஏஜெண்ட் ஒருவர் மூலம் பஞ்சாப் பிள்ளைகள் பலர் கனடா போனார்கள். லட்சக்கணக்கில் பணம். கையில் காலேஜ் லெட்டர். அங்கே போய் இறங்கியதும், "அந்தக் காலேஜில் இடம் நிரம்பிவிட்டது, வேறு காலேஜில் சேர்ந்துகொள்" என்றார் ஏஜெண்ட். காலேஜுக்கென்று வாங்கிய கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார். பணமே திரும்பி வந்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? வேறு காலேஜில் சேர்ந்து படித்து, வேலைக்கும் போனார்கள். நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. முதன்முதலில் காட்டிய லெட்டர் போலி!

கனடாவின் குடியேற்றச் சட்டத்தில் 40-ஆவது பிரிவு பொல்லாதது. பொய்த் தகவல் கொடுத்தால் 5 வருடம் அந்த நாட்டுப் பக்கம் போக முடியாது. ஏஜெண்ட் எழுதிய பொய்யும் மனுப் போட்டவர் தலையில்தான் விழும். "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் போதாது. நான் நேர்மையாக நம்பினேன், நம்பியதில் நியாயம் இருந்தது, உண்மை என் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். அது சின்னச் சந்து. எல்லாரும் நுழைந்துவிட முடியாது.

அந்தப் பிள்ளைகள் ஓடி ஒளியவில்லை. 2023 மே, ஜூன் மாதங்களில் டொரன்டோவை அடுத்த மிசிசாகாவில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். ஜூன் 14-ந் தேதி, உண்மையாகவே படிக்க வந்தவர்களை வெளியேற்ற மாட்டோம், தற்காலிகமாகத் தங்க அனுமதி தருவோம் என்று மந்திரி அறிவித்தார். ஒரு குழு ஒவ்வொரு கேஸாகப் பார்த்தது. அந்த அக்டோபருக்குள் பார்த்த 103 பேரில் 63 பேர் உண்மையான மாணவர்கள் என்று முடிவாயிற்று. 40 பேருக்கு அப்படி ஆகவில்லை. ஏஜெண்டுக்கு 2024-ல் கனடா கோர்ட்டில் 3 வருடச் சிறை.

"அடப் பாவமே! இப்பவும் அப்படித்தானா?" என்றார் அக்கா.

"2023 டிசம்பர் 1-லேருந்து லெட்டர் நிஜம்தானான்னு காலேஜையே நேரடியாக் கேட்டுடறாங்க அக்கா. லெட்டரைப் பார்க்க ஆள் வந்தாச்சு. ஆனா ஃபாரத்தை யார் பார்க்கிறது?"

நித்யாவைக் கூப்பிட்டு, ஏஜெண்ட் கையெழுத்துக்கு அனுப்பியிருந்த ஃபாரத்தை வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். ஒரு கேள்வியில் நின்றுவிட்டாள். 'எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்ததுண்டா?' பதில், 'இல்லை.'

போன வருடம் அமெரிக்க விசா அவளுக்குக் கிடைக்கவில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

"நான் இதைப் பார்க்கவே இல்லையே சித்தி!" முகம் வெளுத்துவிட்டது.

அவளே ஏஜெண்டுக்குப் போன் செய்தாள். அவர் முணுமுணுத்தார். "சொன்னா விசா கிடைக்காதும்மா" என்றார். நித்யா விடவில்லை. 'ஆம்' என்று மாற்றி, காரணத்தையும் எழுதி, அதன் பிறகே கையெழுத்துப் போட்டாள். முன்பு மறுத்ததைச் சொல்வதால் மட்டும் விசா போய்விடாது. மறைத்தால்தான் 5 வருடம் போகும்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர்கள் இருந்தால், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்:

விளக்கம் கேட்டு கடிதம் வந்தால், கெடுவுக்குள் உண்மையை எழுதுங்கள். முதல் பொய்யை மூட இரண்டாவது பொய் வேண்டாம்.

ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, காலேஜ் மார்க் ஷீட் எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் ஏமாந்ததற்கும் நிஜமாகப் படித்ததற்கும் அவைதான் சாட்சி.

கனடாவில் வக்கீலோ லைசென்ஸ் உள்ள ஆலோசகரோதான் காசு வாங்கிக்கொண்டு இந்த விஷயத்தில் ஆலோசனை சொல்லலாம்.

முடிவு பாதகமானால் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம். கனடாவுக்குள் எடுத்த முடிவு என்றால் 15 நாள். வெளியே எடுத்த முடிவு என்றால் 60 நாள். அழுதுகொண்டு உட்கார நேரமில்லை.

ஏஜெண்ட் மேல் நம் ஊர் போலீஸில் மோசடிப் புகார் கொடுங்கள். மானம் போகிறதே என்று வாயை மூடிக்கொண்டால், அடுத்த வீட்டுப் பெண்ணும் ஏமாறுவாள்.

நித்யாவின் விசா இன்னும் வரவில்லை. அக்கா தினமும் வாசலைப் பார்க்கிறார். "வந்தா சந்தோஷம். வராட்டியும் பொய் சொல்லிப் போனான்னு ஒரு பேச்சு வராதும்மா" என்றார் நேற்று.

பெட்டியில் ஊறுகாய் வைக்கும் முன், ஃபாரத்தை ஒருமுறை பெண்ணோடு சேர்ந்து படித்துவிடுங்கள், சகோதரிகளே!