ஆன்லைனில் வாங்கிய மடக்குக் கத்தி கஸ்டம்ஸில் சிக்கினால்... திரும்பக் கிடைக்குமா?

திருச்சுழி பக்கம் சீமைக்கருவேலம் வெட்டப் போகிறவர் கையில் நீளமான வெட்டரிவாள் இருக்கும். அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. பக்கத்தில் அருப்புக்கோட்டையில் இருக்கும் ஒருவர், வெளிநாட்டு இணையதளத்தில் நாலு விரல் நீள மடக்குக் கத்தி ஒன்றை ஆர்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியாச்சு. பில் இருக்கு. விற்ற நாட்டில் அது சட்டப்படியான பொருள்தான். ஆனால், டிராக்கிங்கில் பத்து நாளாக ஒரே வரி: ‘கஸ்டம்ஸில் நிறுத்தப்பட்டுள்ளது’.

அரிவாளுக்கு இல்லாத சிக்கல் இந்தச் சின்னக் கத்திக்கு ஏன்?

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959, எது ஆயுதம் என்பதை நீளத்தை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. எதற்காகச் செய்யப்பட்டது என்றும் பார்க்கிறது. தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ வடிவமைக்கப்பட்ட கூர்மையான பொருள் என்றால் அது ஆயுதம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டது என்றால் ஆயுதம் இல்லை. காட்டு வேலைக்கான அரிவாள் தப்பிப்பது இப்படித்தான்.

அளவும் சட்டத்தில் உண்டு. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகள் ஐந்தாவது பிரிவில் வருகின்றன. அதிலும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. சிலர் சொல்லும் ‘3 அங்குலக் கணக்கு’ (7.62 செ.மீ.) டெல்லிக்காக 1980-ல் வந்த அறிவிக்கையில் இருப்பது. விருதுநகர் மாவட்டத்துக்கு அது பொருந்தாது.

அப்படியென்றால் சின்னக் கத்தியை ஏன் பிடிக்கிறார்கள்?

‘9 அங்குலத்துக்குள்தானே இருக்கு’ என்பது வாங்கியவரின் வாதம். ஆனால், ஆயுதச் சட்டத்தின் 10-வது பிரிவு, எந்த ஆயுதத்தையும் லைசென்ஸ் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறது. ஆகவே அதிகாரி முதலில் பார்ப்பது நீளத்தை அல்ல, இது கருவியா ஆயுதமா என்பதைத்தான்.

சுங்கவரி அட்டவணையிலும் இதே பிளவு இருக்கிறது. சாதாரணக் கத்திகள் 8211 என்ற தலைப்பில் வருகின்றன. மடக்குக் கத்திக்கு அதிலேயே 8211.93 என்று தனி எண் உண்டு. வாள், பயோனெட் போன்றவை ஆயுதங்களுக்கான 93-வது அத்தியாயத்தில், 9307-ல் வருகின்றன. விற்பவர் விளம்பரத்தில் ‘தற்காப்புக்கு’, ‘டாக்டிக்கல்’ என்று எழுதியிருந்தால், அதுவே உங்களுக்கு எதிராகப் போகலாம். பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் ஸ்பிரிங் கத்தி என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஸ்பிரிங் கத்திகளுக்கான கட்டுப்பாடு 1958-ல் வந்தது. விரலால் லேசாகத் தள்ளினால் திறக்கும் மடக்குக் கத்திகளையும் அதில் சேர்க்க 2009-ல் அந்நாட்டுச் சுங்கத்துறை முயன்றது. எதிர்ப்பு கிளம்ப, அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அவற்றுக்கு விலக்கு கொடுத்தது.

நிறுத்தி வைத்தாலே பறிமுதலா?

இல்லை. விவரம் கேட்டு நிறுத்துவது முதல் கட்டம். இந்தக் கட்டத்திலேயே பில், பணம் கட்டிய ஆதாரம், அடையாள ஆவணம், பிளேடின் நீள அகலம், என்ன வேலைக்கு வாங்கினீர்கள் என்ற கடிதம் எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள். நிறைய பேர் ‘போனா போகுது’ன்னு விட்டுடுறாங்க. இங்கேதான் பொருள் கைவிட்டுப் போகிறது.

அடுத்த கட்டம், சுங்கச் சட்டம் 1962-ன் 110-வது பிரிவின்படி கைப்பற்றுவது. கைப்பற்றிய 6 மாதத்துக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து, உங்களுக்கும் தெரிவித்தால் இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். அதுவும் நடக்கவில்லை என்றால் பொருளைத் திருப்பித் தர வேண்டும்.

நோட்டீஸும், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தராமல் பறிமுதல் செய்யக் கூடாது என்கிறது 124-வது பிரிவு. ‘நோட்டீஸ் தேவையில்லை’ என்ற படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விமானப் பயணிகளின் நகை தொடர்பான வழக்குகளில், முன்கூட்டியே அச்சடித்த இப்படிப்பட்ட படிவங்களை 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

அபராதம் கட்டி மீட்க முடியுமா?

இது 125-வது பிரிவில் வருகிறது. தடை செய்யப்பட்ட பொருள் என்றால், அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பைத் தருவது அதிகாரியின் விருப்பம். தடை இல்லாத பொருள் என்றால் கட்டாயம் தர வேண்டும். அபராதமும் பொருளின் சந்தை விலையில் வரியைக் கழித்தால் வரும் தொகையைத் தாண்டக் கூடாது. அதனால், ‘இது ஆயுதம் இல்லை, கருவி’ என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் பதிவு செய்வது முக்கியம்.

ஆர்டர் போடும் முன்...

ஸ்பிரிங், பட்டன் வகைகளைத் தவிருங்கள். பிளேடு அளவு தெளிவாக உள்ள பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்பவரிடம் ‘கீ செயின்’ என்றோ ‘கிஃப்ட்’ என்றோ எழுதச் சொல்லாதீர்கள். பொருளைத் தவறாகக் காட்டியதே பறிமுதலுக்குத் தனிக் காரணம் ஆகிவிடும். 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு இருந்த வரிச் சலுகையும் ராக்கி, உயிர் காக்கும் மருந்து தவிர மற்றவற்றுக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.

பறிமுதல் உத்தரவே வந்துவிட்டால், சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) 60 நாளுக்குள் முறையிடலாம். அந்த 60 நாள், உத்தரவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடும். கவரை வாங்கியதும் முதல் வேலையாக அன்றைய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.