பாடம் படிப்பது யார்? குழந்தையா, அம்மாவா?

ஜூன் மாதம் வந்தாலே வீட்டில் ஒரு வாசனை வந்துவிடும். புதுப் புத்தகமும் பிரவுன் பேப்பரும் பசையும் கலந்த வாசனை. அட்டை போடுவது நாம், லேபிள் ஒட்டுவது நாம், பெயர் எழுதுவதும் நாம். அதோடு விட்டதா? டைம்டேபிள் பார்த்துப் பையை அடுக்குவது, என்ன ஹோம்வொர்க் என்று மற்ற அம்மாக்களிடம் வாட்ஸ்அப்பில் விசாரிப்பது எல்லாம் வருஷம் முழுக்க நம் தலையில்தான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் பெண் ஆறாம் வகுப்பு படித்தபோது, காலாண்டுப் பரீட்சை சமயத்தில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் கும்பகோணத்தில் தங்கும்படி ஆயிற்று. மாமியார் வீட்டைப் பார்த்துக்கொண்டார். ராத்திரி போன் பண்ணி, "என்னடி படிச்சே?" என்றேன். "எதைப் படிக்கணும்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திரும்பி வந்து சமூக அறிவியல் விடைத்தாளைப் பார்த்தால் பாதி மார்க்குகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், அத்தனை கேள்விக்கும் எனக்கு விடை தெரிந்திருந்தது! ஐந்து வருஷமாகப் பாடம் படித்தது நான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததுதான் அவள்.

"இனிமே பை உன் பொறுப்பு, ஹோம்வொர்க் உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். மூன்றாம் நாளே பூகோள மேப்பை மேஜை மேல் விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். கை துறுதுறுத்தது. போகவில்லை. "பெத்தவளா நீ?" என்று மாமியார் ஒரு பிடி பிடித்தார். சாயங்காலம் திட்டு வாங்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். நானும் அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் டைம்டேபிளைத் தன் கையாலேயே எழுதி, பை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். (சாப்பாடு, மருந்து, மூக்குக்கண்ணாடி, இவற்றை மறந்தால் இன்றைக்கும் ஓடிப் போய்க் கொடுப்பேன். அதில் பிடிவாதம் கூடாது.)

அடுத்த தலைவலி, "அஞ்சு தடவை படிச்சேம்மா, மறந்துபோச்சு" என்பது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் முதலில் மட்டும் படித்துவிட்டு, பிறகு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள்: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதையே மாறிவிட்டது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 40 தான்! இதில் கவனிக்க வேண்டிய விஷயம், 'எல்லாம் நன்றாகத் தெரியும்' என்று அதிக நம்பிக்கையோடு இருந்தது அந்த 40 சதவீதக்காரர்கள்தான். பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி நம் குழந்தைகள் சொல்வதும் இதையேதானே!

எங்கள் வீட்டில் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்தான் பரீட்சைத் தாள். புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகம் வந்ததை எழுதுவாள். பிறகு தானே புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்ப்பாள். மறுபடி இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை. நான் செய்வதெல்லாம், சப்பாத்தி இட்டுக்கொண்டே "எனக்குப் புரியலையே, நீ சொல்லேன்" என்று கேட்பதுதான். ஒரு நாள் எலுமிச்சம்பழத்தை உருட்டி, இரவு பகல் எப்படி வருகிறது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். மாவெல்லாம் தரையில்!

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை இப்படித் திடீரென்று தனியே விடாதீர்கள். பையை அடுக்கும்போது கூடவே உட்காருங்கள். எடுத்து வைக்கும் கை அவர்களுடையதாக இருக்கட்டும். எவ்வளவு முயன்றும் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற குழந்தையைச் சோம்பேறி என்று சொல்லாமல், கண்ணைப் பரிசோதித்து, ஆசிரியரிடமும் பேசுங்கள்.

இந்த ஜூனில் என் பெண் எட்டாம் வகுப்பு. போன வாரம் அவளே லிஸ்ட் எழுதிக்கொண்டு வந்தாள். பழைய ஜியாமெட்ரி பாக்ஸே போதுமாம். "அட்டையாவது நான் போட்டுத் தரட்டுமா?" என்றேன்.

"வேணாம்மா, நீ ஓரத்தை மட்டும் மடிச்சுக் குடு. எனக்கு அது நேரா வரமாட்டேங்குது."