தீபாவளி இலையில் அக்காவுக்கு என்ன வைக்கலாம்?



தீபாவளிக்கு முந்திய வாரம் கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டங்களில் எந்த லயத்துக்குள் நுழைந்தாலும் எண்ணெய் காயும் வாசம்தான். ஒரு வீட்டில் முறுக்கு, ஒரு வீட்டில் நெய்யுருண்டை. ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிற பிள்ளைகள் பை நிறையச் சாமானோடு வந்து இறங்குகிற நேரம்.

இந்தக் கலகலப்புக்கு நடுவே ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண் அடுப்படி ஓரத்தில் தனித் தட்டோடு உட்கார்ந்திருப்பார். மார்பில் கட்டி வந்து, அறுவை முடிந்து, இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். பெரியம்மா வந்து, "ஆட்டிறைச்சி சூடு, அவளுக்கு வைக்காதே" என்பார். சித்தப்பா, "மீன் தின்னா புண்ணு ஆறாது" என்பார். கைப்பேசியில் எதையோ படித்த மருமகன், "சீனியிலதான் கட்டி வளருதாம் அத்தே" என்பார். கடைசியில் ஊரே விருந்து சாப்பிட, அவருக்கு ரசமும் ஒரு பிடி சோறும்.

சொன்னவர்கள் எல்லாரும் பாசத்தால் சொன்னவர்கள்தான். ஆனால் இந்தப் பாசம் அவரைப் பட்டினி போடுகிறது. பண்டிகை நாளில் அவருக்கு உண்மையாகக் கெடுதல் செய்யக்கூடியவை வேறு சில. அவற்றை யாரும் தடுப்பதில்லை. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சிகிச்சையில் எந்த இடத்தில் நிற்கிறார்? கீமோ முடிந்து, தமோக்சிஃபென் போன்ற மாத்திரையை மட்டும் தினம் போட்டுக்கொண்டு வருகிறவர் என்றால் (ஐந்து முதல் பத்து வருஷம் வரை கூடப் போடச் சொல்வார்கள்) அவர் நம்மைப் போலச் சாப்பிடலாம்; எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். கீமோ நடந்துகொண்டிருப்பவரின் கதை வேறு. நம் பக்கத்துப் பெண்கள் கீமோவுக்கு ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரி வரை போய் வருகிறார்கள். பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏறும். அந்த மருந்து கட்டியின் அணுக்களை மட்டும் அடிப்பதில்லை. தலைமுடியின் வேர், வாயின் உள்தோல், எலும்புக்குள் ஊறுகிற வெள்ளை அணுக்கள் என்று வேகமாக வளர்கிற எல்லாவற்றையும் தாக்கும். வெள்ளை அணுக்கள்தான் நம் உடம்பின் காவல்காரர்கள். மருந்து ஏறின ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை அவை மிகக் குறைந்து போகும். காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். தீபாவளி அந்த நாட்களுக்குள் விழுகிறதா? விழுந்தால், என்ன கறி என்பதைவிட அந்தக் கறி எத்தனை மணி நேரமாக வெளியே இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

நம் வீடுகளில் நடப்பது தெரிந்ததுதானே. விடியற்காலையில் ஆட்டுக்கறி இறக்குவோம். விருந்தாளி வர வர, மூடியைத் திறந்து திறந்து ஊற்றுவோம். ராத்திரி வரை சட்டி அடுப்பு மேலேயே இருக்கும். மறுநாள் சுண்டவைத்துச் சாப்பிட்டால் அந்த ருசியே தனி என்பதையும் மறுக்கவில்லை! நமக்கு அது ஒன்றும் செய்யாது. செய்தாலும் ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகும். காவல்காரர்கள் இல்லாத உடம்பில் அதே கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். "கொதிக்க வெச்சுட்டோமே" என்று சொல்வதும் போதாது. ஆறிய சோற்றிலும் கறியிலும் வளர்கிற சில கிருமிகள் விஷத்தைச் சுரந்து வைத்துவிடும். மறுபடி கொதித்தாலும் அந்த விஷம் போகாது.

ஆகவே வழி இதுதான்: கறி கொதித்து இறங்கினதும் முதல் கரண்டி அவருக்கு. சுடச் சுடச் சாப்பிடட்டும். அப்புறத்துக்கு வேண்டியதை மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வேண்டும்போது ஒரே ஒரு தடவை நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். பழைய சோறு, காலையில் அரைத்து வெளியே வைத்த தேங்காய்ச் சட்னி, பாசார் மாலாமில் வெட்டி வைத்த பழம், உரைக்கப்படாத ஐஸ்கட்டி மிதக்கும் ரோஸ் சிராப் இவையெல்லாம் இந்த நாட்களில் வேண்டாம். கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டையும், வெந்நீரில் முக்கி எடுத்த கெராங்கும் கண்டிப்பாக வேண்டாம். முட்டை நல்லது, மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வெந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வாழைப்பழம், ஆரஞ்சு மாதிரி தோலுரித்துத் தின்கிற பழத்தைக் கழுவி, அவரே உரித்துச் சாப்பிடலாம்.

பலகார டின்னுக்கும் இதே யோசனைதான். இருபது பேர் கைவிடுகிற டின்னிலிருந்து அவருக்கு எடுக்காமல், சுட்டு ஆறினவுடனே ஒரு சின்ன டின்னில் தனியாக எடுத்து வையுங்கள். இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சில வீடுகளில் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தனித் தட்டு, தனிக் குவளை வைக்கிறார்கள். புற்றுநோய் யாருக்கும் ஒட்டாது. நாம் சொல்லும் தனி டின் அவரிடமிருந்து நம்மைக் காப்பதற்கல்ல, நம் கையிலிருந்து அவரைக் காப்பதற்கு. எல்லாரோடும் கூடத்தில் உட்கார்ந்தே சாப்பிடட்டும். இருமலும் சளியும் உள்ள விருந்தாளி மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம்.

இனி அந்த மருமகனின் சீனிக் கதை. உடம்பிலுள்ள எல்லா அணுவும் சர்க்கரையைத்தான் எரிக்கிறது, கட்டியின் அணுவும் அப்படித்தான். நாம் ஒரு நெய்யுருண்டையை விட்டுவிட்டால் கட்டி பட்டினி கிடந்து சாகாது. உடம்பு சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும் சர்க்கரையைச் செய்துகொள்ளும். ஆசைக்கு ஒரு அதிரசம் தின்பதால் நோய் திரும்பாது. ஆனால் நீரிழிவு இருந்தால் கவனம் வேண்டும். 2019-ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு; நம் இந்தியர்களிடம் அதைவிடவும் அதிகம். கீமோவின்போது வாந்தி வராமலிருக்கக் கொடுக்கிற டெக்ஸாமெத்தசோன் மருந்து இரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடும். ஆகவே அந்த மருந்து எடுக்கிற இரண்டு மூன்று நாட்களில் இனிப்பையும், கெட்டிப்பால் ஊற்றின தேத்தண்ணியையும் ஒதுக்கி வைக்கட்டும். பலகாரம் டின்னில்தானே இருக்கிறது, ஓடியா போகும்?

மீனும் கறியும் புண்ணைக் கிளப்பும் என்பது பழைய பத்தியம். அறுத்த இடம் ஆறுவதற்கும், மருந்து அடித்த இரத்தம் ஊறுவதற்கும் புரதச் சத்துதான் வேண்டும். கெம்போங் மீன், கோழி, முட்டை, பருப்பு, நெத்திலி எல்லாம் சாப்பிடலாம். ஆட்டுக்கறியும் கொழுப்பை நீக்கி இரண்டு துண்டு சாப்பிடட்டும். பசியில்லாதவருக்கு இலை நிறையப் பரிமாறினால் பார்த்தவுடனே குமட்டும். சின்னத் தட்டில் கொஞ்சம், இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் என்று கொடுங்கள். வாயில் இரும்பு வாசம் அடிக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள். வாய் புண்ணாக இருந்தால் காரக் குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் நெருப்பாக எரியும். குழைந்த சோறு, பாசிப்பருப்பு, ஆறவைத்த மைலோ இதமாக இருக்கும்.

சோயாவைப் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். ஷாங்காய் நகரில் மார்புப் புற்றுநோய் வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், சோயா உணவு சாப்பிட்டவர்களுக்குக் கெடுதல் காணவில்லை. நோய் திரும்புவதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. ஆகவே தவ்ஃபூவும் சோயாப் பாலும் தாராளமாகச் சாப்பிடலாம். குழம்பில் போடுகிற மஞ்சளும் அப்படியே. ஆனால் மஞ்சள் சத்து என்று டப்பாவில் விற்கிற மாத்திரை, "கட்டி கரையும்" என்று யாரோ கொண்டுவந்து கொடுக்கிற கஷாயம், பெயர் தெரியாத வேர் எல்லாம் வேறு சங்கதி. அவற்றில் சில, ஆஸ்பத்திரி மருந்தின் வேலையைக் கெடுக்கும். தமோக்சிஃபென் போடுகிறவர் மஞ்சள் மாத்திரை சேர்த்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். டப்பாவை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். திட்டமாட்டார்.

குடிக்கிற சமாச்சாரத்துக்கு வருவோம். சுத்தமான சுடுதண்ணி நிறையக் குடிக்க வேண்டும். கீமோ மருந்துகளில் ஒன்று மூத்திரப்பையைப் புண்ணாக்கக் கூடியது, தண்ணீர் அதைக் கழுவித் தள்ளும். சிவப்பு மருந்து ஏறின ஓரிரு நாள் மூத்திரம் சிவந்து போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம்.

பிள்ளைகள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிற பீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "ஒரு கிளாஸ் குடிங்கம்மா, ஒடம்பு வலி போகும்" என்று ஊற்றிக் கொடுக்கிறார்கள். மது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே அறிவித்துவிட்டது. தினம் 10 கிராம் மதுச்சத்து குடிக்கிற பெண்ணுக்கு மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. 320 மில்லி பீர் டின் ஒன்றில் இருப்பது அதைவிடக் கொஞ்சம் அதிகம், 12 கிராமுக்கு மேல். ஒரு தீபாவளிக் கிளாஸால் நோய் வந்துவிடாது என்பது உண்மை. ஆனால் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது வாய்ப்புண்ணையும் குமட்டலையும் கூட்டும், மருந்தைக் கையாள்கிற கல்லீரலுக்கும் பாரம். கள்ளு இயற்கைதானே என்பார்கள். அதிலும் அதே மதுச்சத்துதான். போதாததற்கு உயிரோடு இருக்கிற நுரைமக் கிருமிகளும் உண்டு. 1947-இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்து நின்ற கதை பெரியவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது சம்பளம் காக்கும் போராட்டம். சம்சுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுப்பு வேலையில் ஒரு எச்சரிக்கை. கக்கத்தில் நிணநீர்க் கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கக் கூடியது. மெல்ல அசைத்துப் பழக்குவது நல்லதுதான். ஆனால் கொதிக்கிற எண்ணெய் தெறித்தாலோ, தேங்காய் துருவும்போது கீறினாலோ அந்தக் கையில் சீக்கிரம் சீழ் பிடிக்கும். இந்த வருஷம் முறுக்கை மருமகள் பிழியட்டும். அக்கா உட்கார்ந்து பக்குவம் சொல்லட்டும்.

இன்னொன்று மருந்து நாள். "தீபாவளி முடியட்டும், அடுத்த மாசம் போய்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பொது விடுமுறை குறுக்கிட்டால் முன்கூட்டியே மிஸ்ஸியிடம் கேட்டு வேறு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளியிலிருந்து பொங்கல் வரை நமக்கு மழைக்காலம். 2006 டிசம்பரிலும், மறுபடி 2007 ஜனவரியில் பொங்கலை ஒட்டியும் கோத்தா திங்கி டவுனே வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஜொகூர் ஆறு ஏறுகிறது என்று கேள்விப்பட்டால் மாத்திரைகளையும் ஆஸ்பத்திரிக் கார்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு வையுங்கள். முடிந்தால் மருந்து நாளுக்கு முந்திய நாளே ஜொகூர் பாருவில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. வெள்ளத் தண்ணீர் பட்ட உணவு எதையும் அவருக்குக் கொடுக்க வேண்டாம்; குடிதண்ணீர் கொதித்து ஆறினதாக மட்டும் இருக்கட்டும்.

வீட்டில் ஒரு காய்ச்சல்மானி வாங்கி வையுங்கள், மருந்துக் கடையில் கிடைக்கும். கீமோ நடக்கிறவருக்கு 38 டிகிரி காட்டினால், அது தீபாவளி ராத்திரியாகவே இருக்கட்டும், பனடோல் போட்டுப் படுக்கவைத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. நேராகக் கோத்தா திங்கி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே விடுமுறை கிடையாது. உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "இவங்க கீமோ எடுக்கிறவங்க, கடைசியா இன்ன தேதியில மருந்து ஏத்துனாங்க" என்று சொல்லி, கார்டை நீட்டுங்கள்.