புதுக்குடி கொடுத்த சோறு

"ரயிலில் முன்பின் தெரியாதவர் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே!" பிள்ளைகளை ஊருக்கு அனுப்பும்போது இப்படிச் சொல்லாத தாயார் உண்டா? ரயில்வேக்காரர்களும் இதையேதான் எச்சரிக்கிறார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால், நூற்றுக்கணக்கான பிரயாணிகள் அதை ஒதுக்கி வைத்த சம்பவம் ஒன்று தூத்துக்குடிச் சீமையில் நடந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்த நாள். முருகனைத் தரிசித்துத் திரும்புகிறவர்கள் உட்படச் சுமார் 800 பேருடன் திருச்செந்தூரிலிருந்து இரவு சென்னைக்குப் புறப்பட்டது செந்தூர் எக்ஸ்பிரஸ். முத்துக் கடற்கரை முழுவதும் அன்று பேய்மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையைவிட அதிகம்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிற்று. வண்டியை ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டார்கள். சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குள் சாலையும் மூழ்கியது. மீதி 500 பேருக்கு ஸ்டேஷன்தான் கதி. சுற்றிலும் தண்ணீர், கூடவே குழந்தைகள், முதியவர்கள். கையிலிருந்த பட்சணம் எத்தனை நேரம் வரும்?

அப்போது கை கொடுத்தவர்கள் அருகிலுள்ள புதுக்குடி கிராமத்து ஜனங்கள். அவர்களுக்கும் அதே மழைதான், அதே வெள்ளந்தான். நாளைக்குக் கடை திறக்குமா, அரிசி கிடைக்குமா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை. அப்படியிருந்தும், தங்களிடம் இருந்த அரிசி பருப்பைச் சேர்த்து, ஊர்க்கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார்கள்.

உண்பவர் யார் என்று சமைத்தவருக்குத் தெரியாது. சமைத்தவர் யார் என்று உண்டவருக்கும் தெரியாது. எந்த ஊர், என்ன ஜாதி என்று விசாரித்துப் பந்தி போடும் நம் தேசத்தில் இது சின்ன விஷயமா? கொடுப்பதற்குத் தாராள மனசு வேண்டும். தயங்காமல் வாங்கிக் குழந்தைக்கு ஊட்டுவதற்கும் ஒரு மனசு வேண்டும் அல்லவா?

19-ஆம் தேதி மீட்புப் படையினர் வந்து சேர்ந்தார்கள். பிரயாணிகள் வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் ஏறி, மறுநாள் சென்னை போய்ச் சேர்ந்தார்கள்.

உலகத்தில் எல்லோரும் திருடர்கள் என்று எண்ணி வளரும் பிள்ளை, பசியோடு வாசலில் நிற்பவருக்கு நாளைக்குக் கதவைத் திறக்குமா? எச்சரிக்கையைச் சொல்லத்தான் வேண்டும். கூடவே புதுக்குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.