தம்பி ஏன் மெதுவாகப் பேசுகிறான்?

பக்கத்து வீட்டுப் பெண் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளி விட்டு வந்தவள், புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, என் தம்பியை லூசுன்னு சொல்றாங்க. அவனுக்கு என்ன வியாதி?"

தம்பிக்கு நான்கு வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. "அது வியாதியே இல்லை கண்ணு. யாருக்கும் ஒட்டாது. பிறக்கும்போதே அமைந்த உடல்வாகு" என்றேன். 'டவுன்' என்றால் கீழே என்று நினைத்துவிடாதீர்கள். 1866இல் இதை விவரித்து எழுதிய ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவரின் பெயர் அது.

வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக் காட்டினேன். நம் உடம்பின் செல்களுக்குள் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் இப்படித்தான் 23 ஜோடிகளாக இருக்கின்றன. ஜோடியில் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. மொத்தம் 46. தம்பிக்கு 21ஆவது ஜோடியில் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று. ஆக 47.

"கூட ஒண்ணு இருந்தா நல்லதுதானே அத்தை?"

அருமையான கேள்வி! குரோமோசோமில் இருப்பவை உடம்பைக் கட்டுவதற்கான குறிப்புகள். ரசத்துக்கு எலுமிச்சை அளவு புளி என்றால், அதை ஒன்றரை மடங்காகக் கரைத்துப் பாருங்கள். ரசம் ரசம்தான், ருசி மட்டும் மாறிவிடும். 21ஆவது குரோமோசோமில் சுமார் 200 குறிப்புகள் உண்டு. இரண்டு பேர் சொல்ல வேண்டியதை மூன்று பேர் சொல்கிறார்கள். அதனால்தான் தம்பியின் தசைகள் கொஞ்சம் தளர்வு. நடை தாமதம், பேச்சு அதைவிடத் தாமதம்.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு பெண் இருக்கிறார். மனிதருக்குக் குரோமோசோம் 46 என்பதே 1956இல்தான் உறுதியானது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, பாரிஸில் மார்த் கோத்தியே என்ற மருத்துவர் வசதி குறைந்த ஓர் ஆய்வகத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் செல்களை வளர்த்தார். அதற்குத் தேவைப்பட்ட சீரத்தைத் தன் ரத்தத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். எண்ணிப் பார்த்தபோது 47! 1959இல் கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயராக அச்சானது அவருடன் பணியாற்றிய ழெரோம் லெழூனின் பெயர். கோத்தியேயின் பங்கு வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இது.

"கிரகணத்தன்னிக்கு அம்மா வெளியே வந்ததாலதான்னு பாட்டி சொல்றாங்க" என்றாள் மெல்ல. பாவம், அந்த அம்மா எத்தனை முறை அதைக் கேட்டிருப்பாரோ! கிரகணத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது ஒரு ஜோடி பிரியாமல் ஒட்டிக்கொள்வதால் வருவது. சில சமயம் அப்பாவின் பக்கமும் நடக்கும். தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும்; ஆனால் இளம் தாய்மாருக்கும் இப்படிப் பிறக்கிறது. யாரும் செய்த தப்பு இல்லை.

இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். இன்று அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். தைராய்டு, காது, கண் மூன்றையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். சிலருக்குக் கழுத்தெலும்பு தளர்வாக இருக்கும். "அதனால டாக்டரைக் கேக்காம அவனைக் குட்டிக்கரணம் போட வைக்காதே" என்றேன். அமெரிக்காவில் 1983இல் இவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 வருடம். இப்போது 60ஐத் தொட்டுவிட்டது. மருத்துவம் ஒரு காரணம். விடுதிகளில் ஒதுக்காமல் வீட்டோடு வைத்து வளர்ப்பது இன்னொரு காரணம்.

அதற்குள் தம்பியும் வந்துவிட்டான். ஒரு கிண்ணத்தில் பொட்டுக்கடலையும் வாய் குறுகிய பாட்டிலும் கொடுத்தேன். நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். மூன்று கீழே விழுந்தன, நான்காவது உள்ளே போனது. கைதட்டிக்கொண்டான். விரலுக்கு இதுதான் பயிற்சி.

"தம்பி, உனக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்ட அக்கா, அவன் வாய் திறக்குமுன் தானே "வேணுமாம்" என்றாள். அவளைத் தடுத்தேன். காதில் விழுந்த கேள்வியைப் புரிந்துகொண்டு, பதிலைத் தேடி, நாக்கைப் புரட்டிச் சொல்ல அவனுக்கு நேரம் வேண்டும். "டம்ளரைக் காட்டிக் கேளு. மனசுக்குள்ள பத்து வரை எண்ணு." பார்த்தால் அவனுக்குச் சட்டென்று புரியும், கேட்டுப் புரிவதுதான் கடினம். மறுபடி கேட்டாள். அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. எட்டில் வந்தது பதில்: "தண்ணி."

உலகம் முழுவதும் மார்ச் 21 டவுன் சிண்ட்ரோம் நாள். 21ஆவது ஜோடியில் 3 என்பதால் மூன்றாம் மாதம் 21ஆம் தேதி. அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், இன்று மாலையே விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.